புலி முகமூடியைக் கழற்றிக் காட்டினார்

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். "டைப் பண்ணினா ரெண்டு வரியில முடிச்சிடுவீங்க, உக்காந்து எழுதுங்க" என்று உன் அம்மா பேனாவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். இந்த உறைக்குள் ஒரு சின்னப் புத்தகமும் வைக்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் வருகிறோம், வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புகிறோம், கல்யாணம் கச்சேரி என்று எங்கேயும் கூப்பிடாதீர்கள் என்று போன வாரம் சொன்னாய். சரிம்மா என்றேன். போனை வைத்த பிறகு அந்தச் "சரி" எனக்குச் செரிக்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தில் நடந்ததை நாம் இருவரும் அப்புறம் பேசியதே இல்லை. எந்த மண்டபம் என்று எழுதத் தேவையில்லை, உனக்குத் தெரியும். உன் சித்தப்பா பேத்தியின் சலங்கை பூஜை. அழைப்பிதழில் ஏழு மணி, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வந்து சேர்ந்தது எட்டரை. அந்த ஒன்றரை மணி நேரமும் என் பேரன் குட்டி தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடி சமர்த்தாக இருந்தான். நட்டுவாங்கத் தாளம் ஒலிபெருக்கியில் படீர் என்று விழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று ஆரம்பித்தான். அழுகிறான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அது அவன் தன்னைத்தானே தாங்கிப் பிடித்துக்கொள்கிற சத்தம் என்று நீ பிற்பாடு சொல்லித்தான் தெரிந்தது. நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. ஏற்பாட்டாளர் ஒருவர் குனிந்தபடி வந்து, "ஐயா, பிள்ளையக் கொஞ்சம் வெளிய..." என்றார். நான் அவரிடம் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, உன் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவனைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தேன். நீ செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு பின்னால் ஓடி வந்தாய்.

மன்னிப்பை ஆள் மாற்றிக் கேட்டுவிட்டேன் என்பது எனக்கு அன்றைக்கு இரவே தெரியும். சொல்ல ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. போன மாதம் பெட்டாலிங் ஜெயாவில், அதான் பிஜேயில், ஒரு நாடகம் பார்த்தேன். சிரிக்காதே, நானாகப் போகவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பெண் நாடகங்களுக்கு விளக்கு அமைக்கிறவள் அல்லவா, "அங்கிள், உங்கள் பேரன் மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு காட்சி வைக்கிறோம், வந்து பாருங்கள்" என்று டிக்கெட்டைக் கேட்டில் செருகிவிட்டுப் போனாள். அதில் "ரிலேக்ஸ்ட் ஷோ" என்று போட்டிருந்தது. ஏதோ யோகா வகுப்பு என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

சின்ன அரங்கம்தான், எண்பது பேர் உட்காரலாம். வாசலில் ஒரு கூடை நிறையக் காதுமூடிகள். பட்டறையில் நாங்கள் போடுவோமே, அதே சாமான்தான், இவை மட்டும் மஞ்சளும் பச்சையுமாக இருந்தன. விளக்கை முழுக்க அணைக்கவில்லை, பாதிக்குக் குறைத்து வைத்திருந்தார்கள். கதவையும் சாத்தவில்லை. யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம், திரும்பி வரலாம். வெளியே ஒரு சிறிய அறையில் மெத்தைகள் போட்டு ஒரு மங்கலான விளக்கு மட்டும். சத்தம் தாங்காத பிள்ளை அங்கே போய்ப் படுத்துவிட்டு வரலாம்.

நாடகம் தொடங்கும் முன் புலியாக நடிக்கப்போகிற மலாய்க்காரப் பையன் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். முகமூடியைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். மூன்று தடவை. "ஆக்கு லா, நான்தான்" என்று சிரித்தான். அடுத்து ஒரு பெண் ஒரு தகரத்தைக் கொண்டுவந்து ஆட்டிக் காட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. இதுதான் இடி, இதைவிடப் பெரிய சத்தம் நாடகம் முடியும்வரை வராது என்று வாக்குக் கொடுத்தாள். இந்த வயதில் எனக்கே அது ஆறுதலாக இருந்தது.

பாதி நாடகத்தில், மூன்றாவது வரிசையில் பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன், "ம்ம்ம்ம்" என்றான். நம் குட்டியின் அதே சுருதி. நான் சட்டென்று திரும்பினேன். திரும்பிய பிறகுதான் பார்த்தேன், அரங்கத்தில் வேறு ஒரு தலையும் திரும்பவில்லை. அந்தப் பையனின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உன் முகத்தில் பார்த்திருக்கிறேன். அசடு வழியச் சிரித்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். கழுத்தெல்லாம் சுட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் எழுந்து நேரே மேடைக்கே போய்ப் புலியின் வாலைப் பிடித்தான். யாரும் பதறி ஓடவில்லை. புலி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ரெபானா மேளம் வாசித்தவர் தாளத்தை நிறுத்தாமல் விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் துணி பார்ப்பதுபோல வாலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் தன் இடத்துக்குப் போனான். புலி எழுந்து, விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொடர்ந்தது.

முடிந்த பிறகு மைலோ கொடுத்தார்கள். இயக்கிய பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருட்டில் வாய் பொத்தி உட்கார்ந்து நாடகம் பார்ப்பதே ரொம்பப் பழைய வழக்கம் இல்லையாம். 1876-ல் ஜெர்மனியில் இசையமைப்பாளர் வாக்னர் தன் அரங்கத்தில் விளக்கைக் குறைத்த பிறகுதான் அது ஊர் உலகமெல்லாம் பரவியது என்றாள். கேட்டதும் எனக்கு ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டி வீடு இருந்த தொழிலாளர் லயத்துக்கு முன்னால் நடந்த கூத்து நினைவுக்கு வந்துவிட்டது. நல்லதங்காள் கிணற்றடியில் பிள்ளைகளோடு நிற்கிறாள், முன்னால் பாயில் நாங்கள் பாதிப் பேர் தூங்குகிறோம், ஒரு நாய் குறுக்கே போகிறது, கள்ளுக்கடையிலிருந்து வந்த ஒருவர் "தள்ளிவிடாதே ஆத்தா" என்று கத்துகிறார். கட்டியக்காரன் அவருக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் கதையை நகர்த்துவான். லயத்தில் பேச்சு வராத அண்ணன் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு கூத்திலும் மத்தளக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருப்பார். அது அவர் இடம். அவரை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. நாற்காலி வந்தது, ஏர்கான் வந்தது, அவரைப்போன்றவர்களுக்கு இடம் போய்விட்டது.

நாடக அரங்கம் எல்லாருக்குமான இடம் என்று நான் நம்பியதும் உன்னால்தான். செந்தூல் பார்க்கில் கேஎல்பேக் கலை அரங்கம் 2005-ல் திறந்தபோது எத்தனையோ தடவை மோட்டாரில் அந்த வாசலைக் கடந்திருக்கிறேன். உள்ளே போக மட்டும் கால் வரவில்லை. பழைய ரயில்வே செங்கல் கட்டடம். உன் தாத்தா வேலை செய்த பட்டறைகளின் பக்கம். 1945-ல் விமானங்கள் குண்டு போட்டபோது அந்தப் பக்கத்திலிருந்துதான் ஓடினோம் என்று அவர் சொல்வார். எங்கள் கை கரியாகிக் கிடந்த இடத்துக்குள் நுழைய எனக்குக் கோட்டு சூட்டு வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ காலேஜ் படிக்கும்போது இழுத்துக்கொண்டு போனாய். தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். டிக்கெட் கிழித்த மலாய்ப் பெண் "வாங்க அங்கிள்" என்று தமிழிலேயே சொல்லி இருக்கை வரைக்கும் வந்து விட்டாள். அவளுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் தமிழ் தெரியுமாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த அரங்கம் வந்த கதையும் நீ சொன்னதுதான். ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹஷாமும் 1989-ல் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் அரங்கம் நடத்தினார்கள். 2003 வெள்ளத்தில் அது மொத்தமாக முழுகிப்போனது. இரண்டே வருஷத்தில் நம் செந்தூலுக்கு வந்து மறுபடி கதவைத் திறந்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு அந்த நம்பிக்கை வந்தது நடனக்காரர் ரம்லி இப்ராஹிமால்தான். மலாய்க்காரர் ஒடிசி ஆடுகிறார், ஜகந்நாதரைப் பாடி ஆடுகிறார், நம் பிரிக்பீல்ட்ஸ் மாமிகள் முன்வரிசையில் தாளம் போடுகிறார்கள். 1983-ல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கியவர், 2018-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. "அவர் ஆடும்போது யாரும் யாரிடமும் நீ என்ன சாதி, என்ன மதம்னு கேக்க மாட்டாங்க" என்பாள் அம்மா. வீட்டில் வந்து கேட்பார்கள், அது வேறு விஷயம்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் இங்கே சீனர்கள் மேடை போட்டால் முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுவார்கள், பேய்கள் வந்து உட்கார. நம் மண்டபத்தில் முதல் வரிசை சோபா டத்தோக்களுக்கு. பேய்க்கு இடம் இருக்கிறது, டத்தோவுக்கு இடம் இருக்கிறது, வாய்விட்டு முனகுகிற ஒரு நாலு வயசுப் பிள்ளைக்கு கார் நிறுத்துமிடம்! பண்பாட்டு நிகழ்வுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிமை உண்டு என்று 2008-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மீறினால் தண்டனை என்று அதில் ஒன்றும் வைக்கவில்லை, அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டு பெரும்பாலும் கார் நிறுத்தத்தான் பயன்படுகிறது. போன ஞாயிறு மண்டபக் கமிட்டிக் கூட்டத்தில், ஒலிபெருக்கியைக் குறைத்து, கதவைத் திறந்து வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்துவோமா என்று கேட்டேன். "நல்ல யோசனை, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் தலைவர். அடுத்த வருஷமும் கேட்பேன்.

பிஜேயிலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். கழிப்பறைக்கு ஏழு படி இறங்க வேண்டும், சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்ணை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், அவள் முகம் சுருங்கிவிட்டது. நாடகமும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான், தமிழ் ஒரு சொல் இல்லை. அதற்கெல்லாம் நாடகத்தை இயக்கிய பெண்ணிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் வருகிற வாரம் சனிக்கிழமை அதே நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். உன்னைக் கேட்காமல் நாலு டிக்கெட் வாங்கிவிட்டேன். ஆளுக்கு முப்பது வெள்ளி. கதவோரமாக இடம் கொடுங்கள் என்று கேட்டேன். "நம்பரே கிடையாது அங்கிள், எங்கே பிடிக்குதோ அங்கே உட்காருங்க" என்றார்கள். வர மனமில்லை என்றால் வேண்டாம், டிக்கெட்டை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறேன், கோபம் இல்லை. வந்தால், அவன் "ம்ம்ம்" என்று தொடங்கினாலும் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன். யாரிடமும் மன்னிப்பும் கேட்க மாட்டேன். உன்னிடம் மட்டும்தான் கேட்க வேண்டும், அதை நேரில் கேட்கிறேன், கடிதத்தில் எழுதித் தப்பித்துக்கொண்டதாக இருக்க வேண்டாம்.

உறையில் இருக்கும் புத்தகத்தை, வருகிற பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டுவதற்காக அவர்களே போட்டிருக்கிறார்கள். வாசல், டிக்கெட் கிழிப்பவர், இருக்கை, அமைதி அறை, எல்லாம் வரிசையாகப் படமாக இருக்கிறது. 6-ஆம் பக்கத்தில் புலிக்காரப் பையன் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தினம் ஒரு தடவை குட்டிக்குக் காட்டு. வாலுக்குப் படம் போடவில்லை. கேட்டான் என்றால், வெறும் துணிதான், உள்ளே பஞ்சு, தாத்தா தொட்டுப் பார்த்துவிட்டார் என்று சொல்.

அன்புடன்,
அப்பா