பாறை ஏன் தும்முகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கான பழைய கணினி விளையாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவை எல்லாமே வாய்ப்பாட்டுக் கேள்விகளுக்குப் பொம்மை ஒட்டியவைதான் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. 'ஜூம்பினி'யை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள டெர்க் என்ற கல்வி ஆய்வு அமைப்பில் கிறிஸ் ஹான்காக், ஸ்காட் ஆஸ்டர்வைல் இருவரும் வடிவமைத்து, 1996இல் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது.

ஜூம்பினி என்பது நீல உருண்டையான ஒரு சின்ன உயிர். முடி, கண், மூக்கு, கால் ஆகிய நான்கும் ஒவ்வொன்றும் ஐந்து வகை. காலை எடுத்துக்கொண்டால் செருப்பு, உருளைச் சறுக்கு, சக்கரம், சுருள்கம்பி, விசிறி. ஐந்தை நான்கு முறை பெருக்கினால் 625. அத்தனை பேரையும் பதினாறு பதினாறாகப் புதிய ஊருக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். பாதையில் மொத்தம் 12 புதிர்கள். எந்தப் புதிரின் விதியையும் விளையாட்டு நேராகச் சொல்லாது. பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் புதிரில் இரண்டு பாலங்கள், முகம் கொண்ட இரண்டு பாறைகள். ஏதோ ஓர் உறுப்பு பாறைக்கு ஒவ்வாமை. தவறான ஆளை அனுப்பினால் பாறை தும்மும், ஆள் திரும்பி வந்து விழுவான், பாலத்தைத் தாங்கும் ஆறு முளைகளில் ஒன்று கழன்றுவிடும். ஆறும் போனால் பாலமும் போச்சு. பெரும்பாலான பிள்ளைகள் ஒருவன் கடந்ததும் அடுத்து முற்றிலும் வேறான ஒருவனை அனுப்புவார்கள். தும்மல் வந்தால் காரணம் முடியா, மூக்கா, காலா என்று தெரியாது; ஒரு முளை வீண். கடந்தவனோடு மூன்று உறுப்பு ஒத்து, மூக்கு மட்டும் வேறான ஒருவனை அதே பாலத்தில் அனுப்பினால், தும்மலுக்குக் காரணம் மூக்குதான் என்று அடித்துச் சொல்லலாம். தும்மல் வராவிட்டால்தான் ஏமாந்துபோவார்கள். நீல மூக்கும் சிவப்பு மூக்கும் கடந்தன என்றால் அந்த இரண்டு நிறத்துக்கும் இடையே வேறுபாடு இல்லை என்பது மட்டுமே தெரியும். மூக்குக்கே சம்பந்தமில்லை என்று முடிவுகட்டினால், மூன்றாவது நிற மூக்கு வந்ததும் பாறை தும்மக்கூடும். பெரியவர்களே சறுக்கும் இடம் இது.

பீட்சா கேட்கும் பூதத்திடம் வேறு வழி. மேலே தூவுவதில் பூதத்துக்குப் பிடித்தவை எல்லாம் இருக்க வேண்டும், பிடிக்காதது ஒன்றுகூட இருக்கக் கூடாது. குறைந்தால் 'இன்னும்' என்று கேட்கும். பிடிக்காதது இருந்தால் தூக்கி எறியும். ஐந்து வகை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்தால் ஐந்து முயற்சி, சேர்த்துக் கொடுக்க ஆறாவது. 'இன்னும்' என்றதை வைத்துக்கொண்டு அதன்மேல் ஒன்றைக் கூட்டி, எறிந்ததை மட்டும் நீக்கிக்கொண்டே போனால் ஐந்துக்குள் கட்டாயம் முடியும். நான்கையும் சோதித்த பிறகும் பூதம் திருப்தியாகவில்லை என்றால், மிச்சமுள்ள ஐந்தாவது பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும். இதை ஒன்பது வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்தப் புதிர் அதோடு செத்தது.

சேற்றுருண்டைச் சுவரும் நல்ல புதிர். முதல் நிலையில் உருண்டையின் நிறமும் வடிவமும் அது கட்டம் போட்ட சுவரில் எங்கே படும் என்பதைத் தீர்மானிக்கின்றன. வடிவத்தை வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றி இரண்டாவது உருண்டையை வீசினால், நிறம் கிடைவரிசையைக் காட்டுகிறதா செங்குத்து வரிசையைக் காட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவு என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே பிள்ளையின் கை அதைப் பழகிக்கொள்கிறது.

குரல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் தும்மலும் எறிதலும் கண்ணுக்குத் தெரிவதால் மொழி பெரிய தடையில்லை. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வையுங்கள். பாலம் விழுந்தால், "கடைசியாக எதை மாற்றினாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

பழைய குறுந்தகட்டைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்கள் இன்றைய 64-பிட் விண்டோஸில் ஓடாது. டெர்க் 2015இல் புதுப்பித்து வெளியிட்ட பதிப்பில் மேலே சொன்ன புதிர்கள் அப்படியே இருக்கின்றன.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை