சிவப்பு நிறமி இன்னும் மருந்தாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ‘புற்றுநோயைக் குணமாக்கும் கடல் பாக்டீரியா’ கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, எங்கள் தெரு அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் கணவருக்குக் கீமோ நடக்கிறது. “டீச்சர், இது எந்தக் கடையில கிடைக்கும்?” என்று கேட்டார். கல்லூரியில் 14 வருடமாக நுண்ணுயிரியல் நடத்துகிறேன். இருந்தும் “கிடைக்காது” என்று சொல்ல வாய் வரவில்லை.

கட்டுரை சொல்லும் புரோடிஜியோசின், சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் சிவப்பு நிறமி; அருமையான பொருள்தான், மறுக்கவில்லை. செராட்டியா என்ற பாக்டீரியாவை ஆய்வக வளர்ப்புத் தட்டில் கோடிழுத்து 28 டிகிரியில் வைத்தால், ஓரிரு நாளில் குங்குமத்தைக் குழைத்துப் பூசியதுபோலச் சிவந்து நிற்கும். அதையே 37 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டில் வைத்தால் வெளுத்துப்போகும். ஒவ்வொரு வருடமும் மாணவிகள் இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்ப்பார்கள். கடலில் வாழும் சூடோஆல்டெரோமோனாஸ், ஹாஹெல்லா இனங்களிலும் இந்த நிறமி உண்டு. பல வகைப் புற்றுச் செல்களையும் மலேரியா ஒட்டுண்ணியையும் ஆய்வகத்தில் இது கொல்வது உண்மை. வேறு சில பாக்டீரியாக்கள் தரும் வயலசீன் என்ற ஊதா நிறமிக்கும் அந்தக் குணம் இருக்கிறது.

சரி, தட்டில் செத்த செல் உடம்புக்குள்ளும் சாகுமா? புரோடிஜியோசின் தண்ணீரில் லேசில் கரையாது. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குணமும் அதற்கு உண்டு. கீமோவில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமா? இதே குடும்பத்து அமைப்பில் செயற்கையாகச் செய்த ஒபாடோகிளாக்ஸ் என்ற பொருளை ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வந்தன. அது இன்றுவரை மருந்தாக விற்பனைக்கு வரவில்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

‘இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது’ என்ற வரிதான் என்னை மிகவும் வருத்தியது. 1950-இல் அமெரிக்கக் கடற்படை, தீங்கில்லாதது என்று நம்பி இதே செராட்டியாவை சான் பிரான்சிஸ்கோ மேல் தூவியது. அதற்குப் பிறகு அங்கே ஒரு மருத்துவமனையில் 11 பேருக்கு அந்தக் கிருமித் தொற்று வந்து, ஒருவர் இறந்தார். தூவியதுதான் காரணமா என்று பின்னாளில் வழக்கே நடந்தது. இன்றைக்கும் மருத்துவமனைத் தொற்றுகளில் இந்தப் பெயர் வருகிறது.

இந்த மாதிரிச் செய்தி போடும்போது, சோதனை நடந்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். தலைப்பில் ‘குணமாக்கும்’ வேண்டாம்.

டாக்டரைக் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். போகும்போது அந்தக் கத்தரிப்பை மடித்து ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைலுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அடுத்த இதழில் ஒரு விளக்கம் வெளியிடுங்கள். நானே கொண்டுபோய் அவரிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி