கேஸ் வெளியே போக வழி விடுவோம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

போன வியாழக்கிழமை நம் பள்ளிக்கு முன்னால் தெருவடியில் போகும் எரிவாயுக் குழாயில் ஏற்பட்ட கசிவு சரிசெய்யப்பட்டுவிட்டது. பிள்ளைகள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வளாகத்தில் எந்த இடத்திலும் கேஸ் இல்லை என்று குழாயைச் சரிசெய்தவர்கள் அளந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் திங்களன்று பள்ளியைத் திறந்தோம். அந்தக் கடிதத்தின் நகலை அலுவலகத்துக்கு வெளியே ஒட்டியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்.

நேரில் வந்தவர்களும் வாட்ஸ்ஆப் குழுவில் எழுதியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான். "லீக் ஆகுதுன்னு தெரிஞ்சா உடனே அடைக்க வேண்டியதுதானே? ரோட்டுல வரிசையா ஓட்டை போட்டு, மேன்ஹோல் மூடியெல்லாம் திறந்து வச்சு, கேஸை ஊருக்குள்ள விட்டுட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறாங்களே?" பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கு இந்தக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் அன்று நடந்த வேலைகளில் நம் பிள்ளைகளைக் காப்பாற்றிய வேலை அந்த ஓட்டைகள் போட்டதுதான். அது ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லாவிட்டால், அடுத்த முறை யாராவது நல்ல எண்ணத்தோடு அந்த ஓட்டைகளின் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிடக்கூடும்.

மழைநீர் வடிகாலுக்காக நம் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். தோண்டும்போது, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் எரிவாயுக் குழாயின் இணைப்பு ஒன்று இழுபட்டிருக்கிறது. குழாய் உடைந்து பீறிட்டிருந்தால் சத்தமே காட்டிக் கொடுத்திருக்கும். இது சத்தமில்லாமல் மெல்ல மெல்லக் கசிந்தது.

குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட இலேசானது. தலைக்கு மேல் வானம் திறந்திருந்தால் மேலே ஏறிக் காற்றோடு கலைந்துவிடும். காற்றில் அதன் அளவு சுமார் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீப்பற்றாது. சுமார் 15 சதவீதத்துக்கு மேலே இருந்தாலும் பற்றாது. இடைப்பட்ட அளவில், மூடிய ஓர் அறைக்குள் இருந்தால் ஒரு சுவிட்சின் பொறி போதும். ஆகவே கசிகிறதா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. கசிந்தது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் தெருவில் அது மேலே போக வழி இல்லை. மேலே புதிதாகப் போட்ட சிமென்ட் ரோடு. அதற்குக் கீழே ஒரு வாரம் பெய்த மழையில் ஊறிப்போன மண். ஈரத்தில் ஊறிய மண் கேஸை எளிதில் விடாது. மேலே வழி அடைபட்டால், தண்ணீர் பள்ளம் தேடுவதுபோல அது பக்கவாட்டில் வழி தேடும். பழைய பள்ளத்தில் தளர்வாகக் கொட்டி மூடிய மண், கேபிள் போகும் பிளாஸ்டிக் குழாய், பாதாளச் சாக்கடை, காலியாகக் கிடக்கும் சம்ப் என்று எது கிடைத்தாலும் அது வழியாகப் போகும். இங்கே அது இன்டர்நெட் கேபிள் போகும் குழாயைப் பிடித்துக்கொண்டு, காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் நுழைந்து, கலையரங்க மேடைக்குக் கீழே மேசை நாற்காலி போட்டு வைத்திருக்கும் அறைக்கு வந்துவிட்டது. ஜன்னல் இல்லாத அறை அது.

அதைக் கண்டுபிடித்தவர் நம் பள்ளித் துப்புரவுப் பணியாளர் அம்மா. கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் அடித்திருக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்ப்போம் என்று அவர் சுவிட்சில் கை வைக்கவில்லை. கதவை அப்படியே விரியத் திறந்து வைத்துவிட்டு, நேரே என் அறைக்கு வந்து சொன்னார். அந்த ஒரு செயலுக்காக இந்தப் பள்ளி அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. வரும் கூட்டத்தில் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு மரியாதை செய்யப் போகிறோம்.

அன்று மின்சார மணி ஏன் அடிக்கவில்லை என்று பிள்ளைகள் வந்து சொல்லியிருப்பார்கள். மின்மணியிலும் பொறி உண்டு. வேப்ப மரத்தில் தொங்கும் பழைய தண்டவாளத் துண்டை, மேடையிலிருந்து நல்ல தூரத்தில் நின்று கட்டையால் தட்டித்தான் எல்லோரையும் வெளியே வரவழைத்தோம். மெயின் சுவிட்சையும் தொடவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமே இருக்கும் விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போனோம்.

வந்த எரிவாயுக் குழாய்ப் பணியாளர்கள் முதலில் செய்தது தெருமுனை வால்வை மூடியதுதான். எனவே அவர்கள் "அடைக்கவில்லை" என்பது சரியல்ல. வால்வை மூடினால் குழாயில் வருவது நிற்கும். ஏற்கெனவே மண்ணுக்குள் போனது நிற்காது. அது அங்கேயேதான் கிடக்கும். சில சமயம் நாள்கணக்கில் கிடந்து, மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வரும். அதை வெளியேற்றத்தான் அந்த ஓட்டைகள்.

அந்த வேலையைத் தூரத்தில் நின்று பார்த்தேன். ஒருவர் நீளமான இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் மண்ணுக்குள் இறக்கி உருவுகிறார். துளை முழங்கை ஆழம் இருக்கும். இன்னொருவர் மஞ்சள் நிறக் கருவியின் மெல்லிய குழாயைத் துளைக்குள் விட்டு, திரையில் எண் ஏறுவதைப் பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் அந்த எண்ணைத் தரையிலேயே எழுதிவிட்டு அடுத்த துளைக்குப் போகிறார். எண் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. அப்படித் தேடித்தான் இணைப்பைக் கண்டுபிடித்தார்கள். தேடுவதற்குப் போட்ட அதே துளைகள், மண்ணில் தங்கிய கேஸ் வானத்துக்குப் போகும் வாசலாகவும் ஆகின்றன. நம் சுவரை ஒட்டிப் போட்ட துளைகளில் காலையில் எழுதிய எண்ணும் மாலையில் எழுதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாலை எண் நன்றாகக் குறைந்திருந்தது. சாக்கடை மூடிகளையும் கேபிள் தொட்டி மூடிகளையும் திறந்து வைத்ததும் இதற்காகத்தான். எல்லாத் துளைகளிலும் பூஜ்யம் வந்த பிறகும், மறுநாள் மீண்டும் அளந்து பார்த்தார்கள். காரணம், மண்ணின் ஓரத்தில் தங்கியது இரவில் திரும்ப வந்து நிரம்பக்கூடும்.

மூக்கை நம்பினால் போதாதா என்று ஒரு தாயார் கேட்டார். பெரும்பாலும் நம்பலாம், முழுக்க நம்பக் கூடாது. இயற்கை எரிவாயுவுக்குத் தனியாக நாற்றம் கிடையாது. நமக்கு வரும் நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. நீண்ட தூரம் மண்ணுக்குள் ஊர்ந்து வரும்போது அந்த நாற்றத்தை மண் உறிஞ்சிக்கொள்வது உண்டு. அதனால் தெருவில் வேறு அடையாளங்களையும் கவனியுங்கள். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் விடாமல் குமிழி வருவது, சுற்றிலும் பச்சையாக இருக்க ஒரு பட்டை மட்டும் புல் காய்ந்து கிடப்பது இரண்டும் கசிவின் குறிகள். மண்ணில் கேஸ் நிறைந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. நம் சுவரோரத்தில் அத்தனை மழையிலும் அருகம்புல் ஓரிடத்தில் மட்டும் வாடிக் கிடந்ததைப் பணியாளர்கள்தான் எனக்குக் காட்டினார்கள்.

அந்த நாற்றத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், 1937 மார்ச் 18 அன்று, பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன் அந்தப் பள்ளி வெடித்துத் தகர்ந்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், இறந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் இருந்த காலி இடத்தில் கேஸ் கசிந்து தங்கியிருந்தது. வெளியேறப் போதிய வழி இல்லை. நாற்றமும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. தொழிற்கல்வி வகுப்பில் மரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் எந்திரத்தின் சுவிட்சைப் போட்டபோது வெடித்ததாக விசாரணையில் தெரிந்தது. அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு தலைமையாசிரியையாக இதை என்னால் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பிற இடங்களுக்கும் அந்த வழக்கம் பரவியது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரை ஒட்டிய கிளார்க்ஸ்டன் கடைத்தெருவில் 1971 அக்டோபர் 21 அன்று நடந்ததும் இதே போன்றதுதான். அங்கே நாற்றம் இருந்தது. சில நாள்களாகவே கடைக்காரர்கள் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் வந்து தேடிக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் கடைகளுக்குக் கீழே மூடிக் கிடந்த வெற்றிடத்தில் கேஸ் சேர்ந்துவிட்டது. 22 பேர் இறந்தார்கள். நம் மேடைக்குக் கீழ் இருந்த அறையை நினைத்துப் பாருங்கள்.

திறந்த வெளி என்பதாலேயே ஆபத்து இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆந்திரத்தில் அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தின் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 அதிகாலையில், பெரிய எரிவாயுக் குழாயிலிருந்து கசிந்து சூழ்ந்திருந்த வாயுவில் தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நெடுந்தூரம் போகும் அந்த வகைக் குழாயில் அழுத்தம் மிக அதிகம். நம் தெருக் குழாய் அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் கேஸ் வெளியேறிக்கொண்டிருக்கும் இடத்தில் நெருப்பும் பொறியும் நெருங்கக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வியாழக்கிழமை எனக்கு மிகவும் பயம் தந்தது திறந்து கிடந்த மேன்ஹோல் அல்ல. செய்தி கேட்டதும் நீங்கள் பதறி ஓடி வந்தீர்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் முன் வாசலில், கயிறு கட்டித் தடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பைக் இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் கையில் பீடியும் இருந்தது. இனி இப்படி ஒன்று நடந்தால் தயவுசெய்து முன் வாசலுக்கு வராதீர்கள். பின்புறம் ரேஷன் கடைத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே மைதானத்துக்கு வாருங்கள். உங்கள் பிள்ளையை வகுப்பாசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உங்கள் கையில் ஒப்படைப்பார். திறந்திருக்கும் மூடியையோ துளையையோ யாரும் மூட வேண்டாம்.

அடுத்து, பள்ளி முகப்பு. பெற்றோர் ஆசிரியர் கழகம் நல்ல மனதோடு பணம் திரட்டி, வாசலிலிருந்து சுவர் வரை முழுக்கச் சிமென்ட் தளம் போட முடிவு செய்திருந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகள் சேற்றில் நடப்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் இனி சுவர் வரை முழுவதையும் மூட நான் சம்மதிக்க மாட்டேன். நடைபாதைக்கு மட்டும் தளம் போடுவோம். சுவரோரம் இரண்டு முழ அகலத்துக்குச் சரளைக்கல் கொட்டி விட்டுவிடுவோம். கீழே எதுவும் கசிந்தால் கட்டடத்தை எட்டும் முன் மேலே வர அங்கே இடம் இருக்கும். மேடைக்குக் கீழ் அறைக்குக் கேபிள் நுழையும் ஓட்டையை உள்பக்கம் அடைத்துவிட்டோம். அறையின் இரு எதிர்ச் சுவர்களிலும், கூரையை ஒட்டி, காற்றுத் துவாரங்கள் வைக்கும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. எலி வருகிறது என்று யாரும் அதில் கோணி அடைக்கக் கூடாது. கம்பி வலை போட்டுத் தருகிறோம்.

வீட்டில் குழாய் கேஸ் எடுத்தவர்களும் சமையலறையின் மேல் துவாரத்தை அடைக்காதீர்கள். சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது நேர் எதிர். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். அங்கே வாசற்கதவைத் திறந்து தரைமட்டத்தில் வழி விட வேண்டும். நம் சத்துணவுக் கூடத்திலும் சிலிண்டர்தான். அதன் கீழ்த் துவாரத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளை எடுத்தாகிவிட்டது.

சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண்ணை நாடு முழுதும் அழைக்கலாம். குழாய் கேஸ் என்றால் உங்கள் மீட்டரிலும் தெருவோர மஞ்சள் அடையாளக் கல்லிலும் எழுதியிருக்கும் அவசர எண். எதுவானாலும் வீட்டை விட்டு வெளியே வந்து, தள்ளி நின்று போன் செய்யுங்கள். வீட்டுக்கு முன் போர்வெல்லோ சம்ப்போ தோண்டுவதானால் முதலில் அந்த மஞ்சள் கல்லில் இருக்கும் எண்ணில் சொல்லி, குழாய் எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரர்களுக்காக 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' (தோண்டும் முன் கூப்பிடுங்கள்) என்ற செயலியையே கொண்டுவந்திருக்கிறது. தோண்டும்போது மஞ்சள் எச்சரிக்கை நாடா தென்பட்டால் அதற்குக் கீழே குழாய் இருக்கிறது. கடப்பாரையைக் கீழே வைத்துவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, மைதானத்தில், பெற்றோர் கூட்டம். குழாய்ப் பணியைப் பார்க்கும் பொறியாளர் ஒருவர் அளவிடும் கருவியோடு வருகிறார். உங்கள் கேள்விகளை, கோபத்தோடு இருந்தாலும், அவரிடமே கேளுங்கள். முகப்புத் தளத்தை மாற்றுவதற்கான தீர்மானமும் அன்றே வாக்கெடுப்புக்கு வருகிறது. வர இயலாதவர்கள் கீழே இருக்கும் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை