ஆர்.எஃப். ஸ்விட்சைச் சொல்லாமல் மாற்றியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் மல்டிபேண்ட் மாட்யூல் (868 மெகாஹெர்ட்ஸ், ப்ளூடூத் இரண்டிலும் பேசும் ரேடியோ) பற்றி நான் கொடுத்த புகாரை மறுபடியும் ‘தீர்வு காணப்பட்டது’ என்று மூடியிருக்கிறீர்கள். எதுவும் தீரவில்லை. அதனால்தான் சப்போர்ட் ஆட்களை விட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பார்ட் நம்பர் அதே, டேட்டாஷீட் அதே, உலோக மூடியான ஷீல்டுக்கு உள்ளே, ஆன்டெனாவை இரண்டு ரேடியோ பாதைகளில் ஒன்றோடு இணைக்கும் ஆர்.எஃப். ஸ்விட்ச் மட்டும் வேறு. பழைய லாட்டில் (உற்பத்தித் தொகுதியில்) ஸ்விட்சின் கன்ட்ரோல் பின் ஹை என்றால் ஆன்டெனா 868 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகும், லோ என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் (ப்ளூடூத்) பக்கம். புதிய லாட்டில் அப்படியே தலைகீழ். உங்கள் டேட்டாஷீட் அட்டவணையை நம்பி ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்) எழுதினால், 868-இல் அனுப்பும் நேரத்தில் ஸ்விட்ச் ப்ளூடூத் பாதையைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது. ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது ஸ்விட்சில் கசிகிற மிச்சம் மட்டும்தான்.

14 டிபிஎம் (ரேடியோ பவரின் அளவு) வரவேண்டிய இடத்தில் மைனஸ் 8. பவரில் சுமார் 160-இல் ஒரு பங்கு. மேசைமேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். வெளியே கொண்டுபோனால், தடையே இல்லாத வெட்டவெளியில் ஒரு கிலோமீட்டர் எட்டவேண்டிய சிக்னல் 80 மீட்டரில் அடங்கிவிடுகிறது.

இதைச் சொன்னதற்கு உங்கள் சப்போர்ட் ஆள் போனில் கேட்டது: “உங்க டீம்ல ஆர்.எஃப். தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க.” முதலில் ஆன்டெனா மேட்சிங் (ஆன்டெனாவை மாட்யூலோடு மின் அளவில் பொருத்துவது) சரியில்லை என்றார். ஆன்டெனாவே இல்லை ஐயா! மாட்யூலின் ஆன்டெனா பின்னில் 50 ஓம் கோஆக்ஸ் கேபிளைப் பற்றவைத்து, பவரைக் குறைக்கும் அட்டென்யூவேட்டர் வழியாக நேராக, சிக்னலை அளக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அளந்த எண் அது. இல்லாத ஆன்டெனாவை எதோடு மேட்ச் செய்வது? அப்புறம் போர்டின் கிரவுண்ட் பிளேன் (செம்புப் பரப்பு) போதாது என்றார். கடைசியில் இரண்டு லாட்டின் ஷீல்டையும் கழற்றி, ஸ்விட்ச் சிப்பின் மேலுள்ள எழுத்தே வேறாக இருப்பதைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ஷீல்டைத் திறந்ததால் வாரன்ட்டி ரத்து. திறக்காமல் எப்படிக் காட்டுவதாம்? அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறப்பதாக இல்லை.

நேரில் வந்தது அதைவிடக் கொடுமை. நாள் குறித்துக் கொடுத்தது நீங்கள்தான். வந்தால், இன்ஜினியர் விடுப்பு, போர்டுகளை வரவேற்பில் விட்டுப் போங்கள் என்றார்கள். திரும்பி வந்த பார்சலில் நான் ஒட்டிய டேப்கூடப் பிரிக்கப்படவில்லை. ரிப்போர்ட்டில் மட்டும் ‘பரிசோதித்தோம், குறை இல்லை’.

முன்பே சொல்லியிருக்க வேண்டும்: ஃபர்ம்வேரில் அந்தக் கன்ட்ரோல் பின்னின் போலாரிட்டியை (ஹை, லோ இரண்டையும்) திருப்பிப்போட்டால் புதிய லாட் முழு 14 டிபிஎம் தருகிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் அதை ஏற்றினால் பழைய லாட் படுத்துவிடும். லாட் எண் மாட்யூல்கள் சுற்றிவரும் ரீலின் லேபிளில் மட்டும்தான் இருக்கிறது. போர்டில் ஏறியபின் எது எது என்று யாருக்கும் தெரியாது. அப்டேட் போவதும் ப்ளூடூத் வழியாக. அதுவும் இதே ஸ்விட்சில் சிக்கிக்கொண்டதால், போனைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்தால்தான் இணைகிறது. எங்கள் கருவிகள் கம்பங்களின் மேல் இருப்பதால், கம்பம் கம்பமாக ஏணி போட்டு ஏறிக்கொண்டிருக்கிறோம். எங்கள் தொழிலே மண்ணாகிவிட்டது. இனி உலகத்தில் ஒருவரும் எங்களிடம் கருவி வாங்கமாட்டார்கள்.

உங்கள் ரிசீவரின் சென்சிடிவிட்டி (மெல்லிய சிக்னலையும் பிடிக்கும் திறன்) பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மாட்யூல்தான். அதனால்தான் இன்னும் மரியாதையாகக் கேட்கிறேன். எந்த லாட்டிலிருந்து ஸ்விட்ச் மாறியது என்பதையும் திருத்திய அட்டவணையையும் எழுத்தில் தாருங்கள். என்னிடமுள்ள புதிய லாட்டை மாற்றித் தாருங்கள். களத்தில் ஏறி இறங்கும் செலவையும் நீங்களே ஏற்கவேண்டும்.

முடியாது என்றால் சரி. சான்றிதழ் பெற்ற மாட்யூலின் ரேடியோ பாதையில் கைவைத்தால் சான்றளித்த அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தெரிவித்தீர்களா என்று அவர்களிடமே கேட்பேன். அளவீடுகளும் படங்களும் இத்துடன் இணைத்திருக்கிறேன். வழக்கறிஞரிடமும் ஒரு பிரதி இருக்கிறது.

பதிலை எழுத்திலேயே அனுப்புங்கள். போனில்தான் பேசவேண்டும் என்றால், தயவுசெய்து வேறு யாராவது பேசட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாட்யூலை நம்பி வாங்கிய வாடிக்கையாளர்