ஊசி போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஜிம் நடத்தும் அண்ணன்களுக்கும் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவரிடம் பயிற்சி எடுத்தவன்தான். யாரிடம் என்று எழுதப்போவதில்லை. ஒருத்தரைக் குற்றம் சொல்ல எழுதும் கடிதம் இல்லை இது.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம், உடம்பு ஏறட்டும் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பித்தேன். அப்புறமும் விடவில்லை. "ஆம்பளை ஹார்மோன்தானே தம்பி, ஆம்பளைய என்ன பண்ணும்?" என்றார் மாஸ்டர். நம்பினேன். நாலு வருஷம் குழந்தை இல்லை. அந்த நாலு வருஷமும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, விரதம் எல்லாம் என் மனைவிக்குத்தான். வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடுவதைக்கூடச் சொந்தக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என் உடம்பைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர்தான் என் தோளைப் பார்த்ததும் கேட்டார், ஊசி போடுகிறீர்களா என்று. விந்துப் பரிசோதனையில் ஓர் அணுகூட இல்லை.

அவர் சொன்னது இதுதான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விதைகளை வேலை வாங்குகிறது. ஊசி வழியாக வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், போதுமான அளவு இருக்கிறது என்று அது இரண்டையும் நிறுத்திவிடும். மழை பெய்துவிட்டது என்று மூலத்தரை அணையில் ஷட்டரை இறக்கினால் கடைமடை காயுமே, அப்படி. ரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருக்கும், விதைக்குள் வறண்டுபோகும். விந்தணு உருவாக அங்கே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் இந்த ஹார்மோனை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்திருக்கிறது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்ட 271 பேரில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே நின்றுபோனது. எனக்குப் போட்டது அதைவிட அதிகம். கருத்தடை ஊசி போட்டுக்கொண்டு கோயில் கோயிலாகப் போயிருக்கிறோம்.

நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும். ஆனால் ஒரு விந்தணு முழுதாக உருவாகவே இரண்டரை மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட இழுக்கும். எனக்கு விதைகளைத் தூண்டும் எச்சிஜி என்ற ஊசி போட்டு, பதினோராம் மாதம் ரிப்போர்ட்டில் ஓர் எண் வந்தது. அந்தத் தாளை மனைவி இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து இது. நிறுத்திவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஏற்கெனவே போடுகிற பையன்களை நீங்களே மாத்திரை கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் ஹார்மோன் டாக்டரிடம் அனுப்புங்கள். சோர்வு, ஆசைக் குறைவு என்று வருகிறவனுக்குத் தைராய்டோ, புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனோ, பிட்யூட்டரிக் கட்டியோகூடக் காரணமாக இருக்கலாம். உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தாலும், குழந்தை வேண்டும் என்பவனுக்கு இந்த ஊசியைப் போட மாட்டார்கள், அதற்கு வேறு மருந்து இருக்கிறது.

தமிழிலும் மலையாளத்திலும் ஒரு நோட்டீஸ் அடித்துத் தருகிறேன், என் செலவில். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்ட இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்