பெட்டியின் மீது எடை மட்டும் போதாது: ஒரு திறந்த மடல்

இயந்திரங்களைத் தயாரித்து அனுப்பும் தொழிற்சாலைகளின் வடிவமைப்புப் பிரிவினருக்கும் பேக்கிங் பிரிவினருக்கும்,

வணக்கம். நீங்கள் அனுப்பும் பெட்டிகளை லாரியிலிருந்து கிரேன் மூலம் இறக்கி அடித்தளத்தில் அமர்த்தும் பணியை மேற்பார்வை செய்பவன் நான். அப்பெட்டிகளில் குடைப் படமும் கண்ணாடிக் கோப்பைப் படமும் தவறாமல் இருக்கின்றன. எடையும் பெரும்பாலும் இருக்கிறது. ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, எங்கே என்ற குறியைத்தான் காண்பது அரிது.

கப்பலில் ஏற்றப்படும், 1,000 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பொதிகளில் எடையைக் குறிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1929-லேயே உடன்படிக்கை செய்தது. ஈர்ப்பு மையத்தைக் காட்டவும், பொதிகளில் இடும் குறிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 780 என்ற சர்வதேசத் தரநிலையில் தனிக் குறி உண்டு. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கொக்கியில் தொங்கும் பொருள், தன் ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர் கீழே வரும்வரை சாயவோ நகரவோ செய்யும். 4 மீட்டர் இடைவெளியில் இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 8 டன் லேத் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹெட்ஸ்டாக் (பொருளைப் பிடித்துச் சுழற்றும் கனமான தலைப்பகுதி) இருக்கும் முனையில் 5 டன்னும் மறுமுனையில் 3 டன்னும் இறங்கினால், ஈர்ப்பு மையம் கனமான முனையிலிருந்து 4 × 3 ÷ 8, அதாவது 1.5 மீட்டரில் இருக்கும். சம நீளச் சிலிங்குகளை (சுமையைக் கொக்கியில் மாட்டும் கயிறு அல்லது பட்டைகளை) கட்டிக் கொக்கியை நடுவில் நிறுத்தினால் அரை மீட்டர் பிழை. கொக்கி ஈர்ப்பு மையத்திற்கு 2 மீட்டர் மேலே இருந்தால், லேத் ஏறத்தாழ 14 பாகை சாய்ந்த பிறகுதான் ஓயும். உயரமும் முக்கியம்: சிலிங் மாட்டும் இடங்கள் ஈர்ப்பு மையத்திற்குக் கீழே இருந்தால், பக்கவாட்டுக் கணக்கு சரியாக இருந்தும் சுமை கவிழக்கூடும்.

பார்வைக்குச் சீரான ஒரு மரப்பெட்டியை நான் ஒருமுறை நடுவில் கட்டித் தூக்கச் சொன்னேன். உள்ளே மோட்டார் ஒரே ஓரத்தில் இருந்திருக்கிறது. ஒரு முனை தரையிலேயே இருக்க, மறுமுனை எழுந்து பெட்டி வீசியது. ஆட்களை முன்பே தள்ளி நிறுத்தியிருந்ததால் பலகைகள் மட்டுமே உடைந்தன. அன்று முதல் எந்தச் சுமையையும் நான்கு விரற்கடை உயர்த்திப் பார்த்து, சாய்ந்தால் இறக்கிச் சிலிங்கை மாற்றிக் கட்டிய பிறகே மேலே எடுக்கிறோம். இந்தச் சோதனையை எந்தக் குறி வந்தாலும் விடமாட்டோம். ஆனால் குறி இல்லாதபோது முதல் முயற்சி வெறும் ஊகம்தான்.

உங்கள் கணினி வரைபடம் ஈர்ப்பு மையத்தை நொடியில் காட்டிவிடும். எனினும் கேபிள், எண்ணெய், பின்னர் சேர்த்த பாகங்கள் பல நேரம் அதில் இருப்பதில்லை. ஆகவே அனுப்புமுன் இரு முனைகளிலும் லோடு செல் (எடையை அளக்கும் கருவி) வைத்து எடைபோட்டுச் சரிபார்க்க வேண்டுகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றில் எண்ணெய் நிரம்பிய நிலையா, வடித்த நிலையா என்பதையும் எழுதுங்கள்; பாதி நிரம்பிய தொட்டியில் எண்ணெய் அசைய அசைய ஈர்ப்பு மையமும் நகரும். குறியைப் பெட்டியின் நான்கு பக்கங்களிலும், பலகைகளைக் கழற்றிய பின்னும் தெரியும்படி இயந்திரத்தின் உடலிலும், பெயின்டால் இடுங்கள். ஒட்டும் தாள் மழையில் உரிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
தூக்கும் பணி மேற்பார்வையாளர் ஒருவர்