கடற்காற்றில் வளர்ந்த கார்

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல்.

அடுத்த வாரம் நீ வந்து காரை ஓசூருக்கு எடுத்துச் செல்லப்போவதாக அப்பா சொன்னார். 2016-இல் வாங்கிய நாள் முதல் இதைப் பள்ளிக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் ஓட்டியவள் நான் என்பதால், இதன் உடம்பில் எங்கே வலி இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துவிடும். இந்தக் கடிதத்தைக் காரிலேயே வைத்துக்கொள்.

முதலில் பேட்டரி. நம் வீட்டிலிருந்து காசிமேட்டுக் கடற்கரை கூப்பிடு தூரம் என்பதால், உப்புக்காற்று பேனட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொடி பூத்திருந்தால், பேட்டரி நன்றாக இருந்தாலும் மின்சாரம் சரியாகப் பாயாது. சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழலாமல் ‘டக் டக்’ என்று மட்டும் சத்தம் வந்தால், புதிய பேட்டரி வாங்க ஓடாதே. முதலில் அந்த முனைகளைப் பார். நான் செய்வது இதுதான்: எஞ்சினை அணைத்துவிட்டு, கறுப்பு நிற நெகட்டிவ் கம்பியை முதலிலும் சிவப்பு நிற பாசிட்டிவ் கம்பியை அடுத்தும் கழற்றுவேன். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் முனைகளின் மேல் தடவினால், இட்லி மாவு பொங்குவதைப் போல நுரை எழும்பி அந்தப் பொடி கரைந்துபோகும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இந்த முறை பாசிட்டிவை முதலில் மாட்டி, முனைகளின் மேல் சிறிது வாஸ்லின் பூசிவிடுவேன். இத்தனை செய்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்: இரவு முழுவதும் சும்மா நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் ஏறவில்லையென்றால் குறை, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும். பேட்டரியை மாற்றினால் பணம்தான் வீணாகும். நம் ஊர் வெயிலில் ஒரு பேட்டரி மூன்று, நான்கு ஆண்டுகள் உழைத்தாலே போதுமானது. இதில் இருப்பது மூன்றாவது பேட்டரி.

அடுத்தது எஞ்சின் சூடு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இந்தக் கார் இதுவரை ஏறிய பெரிய மேடு மின்ட் மேம்பாலம்தான். கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் வரை சாலை ஏறிக்கொண்டே போகும் என்பது உனக்கே தெரியும். ஒரு கோடையில், எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஊர்ந்தபோது, சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. உடனே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேனையும் முழு வேகத்தில் திருப்பினேன். அந்த வெயிலில் அது கொடுமைதான், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும். ஓரமாக நிறுத்த இடம் கிடைத்ததும் எஞ்சினை அணைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது அதன் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதே. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

அன்று நான் செய்த தவறு அதற்குப் பிறகுதான். ரேடியேட்டரில் குறைந்திருந்த அளவுக்கு, பக்கத்துக் கடையில் போர் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். கடல் நீர் புகுந்து கரித்துப்போன நம் வடசென்னைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது வீட்டுக் குழாய்களில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே தெரியும். அதே படிவம் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் அடைத்து, சில மாதங்களில் அதையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே எஞ்சினைக் குளிர்விக்கக் கார் நிறுவனம் சொல்லும் கூலன்ட் திரவத்தையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து மட்டுமே ஊற்று. கூலன்ட் நிற்கும் ஸ்பேர் டேங்கில் அளவு அடிக்கடி குறைந்தால், கண்டிப்பாக எங்கோ கசிகிறது. பார்க்காமல் விட்டால், எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு வரை சேதம் போய்விடும்.

மழைநீரைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனாலும் சொல்கிறேன். 2015 டிசம்பரில் வியாசர்பாடி அருகே நம் பழைய கார் தண்ணீரில் நின்றுவிட்டபோது, பதற்றத்தில் நான் சாவியை இரண்டு முறை திருப்பினேன். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால், காற்றைப்போல அதை பிஸ்டனால் அழுத்த முடியாது. அந்த மோதலில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த ஒரு நொடியில் நம் எஞ்சின் போயிற்று. வழக்கமான காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். இந்தக் காருக்குச் சேர்த்திருக்கிறேன், நீ புதுப்பிக்கும்போது விட்டுவிடாதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததுமே பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் வடிந்த பிறகும் சாவியைத் தொடாமல், மீட்பு வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்கு அனுப்பினேன். ஏர் ஃபில்டர் நனையவில்லை என்று மெக்கானிக் அண்ணன் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிரேக்கைப் பொறுத்தவரை, மழையில் நின்ற காரை மறுநாள் எடுக்கும்போது முதல் சில மிதிகளில் உராயும் சத்தம் வருவது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவால்தான். அது தானே போய்விடும். நாள்தோறும் கீச்சென்று கத்தினால் பேடு தேய்ந்துவிட்டது என்று பொருள். மிதி பஞ்சுபோல உள்ளே போனால் காரை நகர்த்தாதே. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடு.

டயர்களில் காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அளவு இருக்கிறது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்துக்கும் பார்க்க வேண்டும்.

எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடு. பக்கத்தில்தானே பட்டறை என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். அதுவே விட்டுவிட்டு மின்னினால் ஓட்டிப் போகாதே, ஓரமாக நிறுத்தி உதவிக்கு அழை.

நீ எடுத்துச் செல்வதற்கு முன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லியிருக்கிறேன். பின் கதவின் கீழ் ஓரத்தில் துரு தொடங்கியிருக்கிறது. கதவுக்கு அடியில் உள்ள சிறு வடிகால் துளைகள் அடைபட்டதுதான் காரணம். ஒரு குச்சியால் அவ்வப்போது குத்திவிடு.

ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கூலன்ட் கேன், கையுறை, பிரஷ், ஆப்ப சோடாப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். பகலிலேயே புறப்படு. சூளகிரியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, முள் எங்கே நிற்கிறது என்று எனக்கு ஃபோன் செய்.

அன்புடன்,
அம்மா